குரல்நாணின் விறைப்பும் இந்த வருஷத்துக் கனுவும்

1

கும்பகோணத்தில் என் அக்கா குடியிருக்கும் தெருவில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து மனதுக்குள் படியுங்கள். அக்காவுக்குப் பார்வை போய்விட்டது. அந்தக் குறையை ஈடுகட்டுவதற்காகவோ என்னவோ, காது மட்டும் மூன்று வீடு தள்ளி நடக்கும் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று சொல்லும் அளவுக்குக் கூர்மையாகிவிட்டது. இதில் அவளுக்குத் தெரியக் கூடாத விஷயங்கள் இரண்டு இருக்கின்றன.

நான் பினாங்கில் குடியேறி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. கெப்பாலா பத்தாஸ் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றேன். தலைவன் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ரப்பரை இழுத்துப் பார்த்து, எவ்வளவு இழுத்தால் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று எழுதிவைப்பதுதான் வேலை. இதற்கு விதிமுறை உண்டு. துண்டை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும், எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும், தடிமனை எங்கெங்கே அளக்க வேண்டும் என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது. அந்த அச்சு எனக்கு மனப்பாடம். வீட்டில் சப்பாத்தி தடிமனாக இருந்தால் மூன்று இடத்தில் அளந்துவிட்டுத்தான் புகார் செய்வேன் என்று என் மனைவி கமலா சொல்கிறாள். இரண்டு தடவைதான் அப்படிச் செய்திருக்கிறேன்.

போன வருஷ நடுவில் என் குரல் கம்மியது. இஞ்சி, அதிமதுரம், லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக்கடைக்காரர் தன் பொறுப்பில் கொடுத்த ஒரு சூரணம், எல்லாம் ஆயிற்று. கடைசியில் மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு, திரையில் என் தொண்டையைக் காட்டினார். இரண்டு வெள்ளை நாண்கள். வலது பக்கத்து நாணில் ஒரு தடிப்பு, செருப்பு கடித்துக் கால் விரலில் காய்ப்பது போல.

"நீங்கள் பாடகரா?" என்றார் டாக்டர்.

இல்லை.

"ஆசிரியரா? கோயிலில் ஓதுகிறவரா? பாசாரில் மீன் விற்கிறீர்களா?"

கமலா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். டாக்டரிடம் அவள் ஆங்கிலத்தில் பேசினாலும் அதன் எலும்பு பினாங்குத் தமிழ்தான். "இவரு பாடவும் மாட்டாரு, ஓதவும் மாட்டாரு டாக்டர். ஞாயித்துக்கெழம காலைல இந்தியாவுல இருக்கற அக்காகிட்ட போன்ல பேசுவாரு. அவ்ளோதான் லா. கீழ்வீட்டு அங்கிள் அந்தச் சத்தத்த வெச்சுத்தான் கடிகாரத்த சரிபண்றாரு."

டாக்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

நான் வந்த புதிதில் ஊருக்குப் பேச வேண்டுமென்றால் தொலைபேசி நிலையத்தில் வரிசையில் நின்று, கூண்டுக்குள் போய்க் கத்த வேண்டும். நாம் சொன்னது நமக்கே திரும்பக் கேட்கும். அது அடங்குவதற்குள் மறுமுனை பேசும். இப்போது கைப்பேசியில் அக்கா மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. ஆனாலும் "அக்கா" என்று ஆரம்பித்ததும் வங்காள விரிகுடாவைத் தானே நீந்திக் கடக்க வேண்டும் என்று என் குரல் முடிவு செய்துகொள்கிறது. அந்தப் பக்கம் அக்காவும் அப்படித்தான். இரண்டு பேரும் பரம விரோதிகளைப் போலக் கத்தி, ஒருவரையொருவர் சாப்பிட்டாயா என்று விசாரிப்போம். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பலர் வீட்டில் இந்தக் கூத்தைப் பார்த்திருக்கிறேன். தொண்டையில் காய்ப்புக் காய்க்கும் வரை இதைக் கொண்டுபோன பெருமை மட்டும் என்னுடையது.

"இதை அக்காகிட்ட சொல்லிறாதீங்க" என்றாள் கமலா, கெரேத்தாவில், அதாவது எங்கள் காரில், திரும்பும்போது. "அவங்களால வந்துச்சுன்னு தெரிஞ்சா போன் பண்றதையே நிறுத்திருவாங்க."

நிறுத்திவிடுவாள். அதில் சந்தேகமில்லை. முதல் விஷயம் இது.

2

தடிப்பை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அத்துடன் இன்னொரு வேண்டுகோளும் வந்தது. மெய் லிங் என்ற இளம் பெண், பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆராய்ச்சி செய்பவள், உயிருள்ள மனிதக் குரல்நாணின் விறைப்பை அளந்துகொண்டிருந்தாள். அறுவை சிகிச்சை நடக்கும்போது என்னுடையதையும் அளக்கலாமா என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழாக்கித் தருகிறேன். இந்த ஊரில் எல்லார் பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் 'லா' மட்டும் அவளுடையது.

"அங்கிள், வலிக்காது லா. நீங்க தூங்கிட்டுதான் இருப்பீங்க."

வாழ்நாள் முழுவதும் அடுத்த பொருளை இழுத்துப் பார்த்தவனை முதல் தடவையாக ஒருவர் இழுத்துப் பார்க்கக் கேட்கிறார். மறுப்பது தொழில் தர்மம் ஆகாது.

குரல்நாணை அளப்பது ரப்பரை அளப்பது போல இல்லை என்று அவள் விளக்கினாள். மேலே மெல்லிய தோல். அதன் கீழே கூழ் போன்ற ஓர் அடுக்கு. அதற்கும் கீழே நார், பிறகு தசை. பேசும்போது மேலடுக்குதான் ஒரு விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிர்கிறது. அது இளக்கமாக இருக்கும்வரை குரல் குரலாக இருக்கும். இறுகிவிட்டால் தகரத்தைச் சுரண்டும் ஓசைதான். இறந்தவர்களின் நாணை ஆய்வுக்கூடத்தில் வைத்து நிதானமாக அளக்கலாம், ஆனால் அது உயிரோடு இருப்பதைப் போல நடந்துகொள்ளும் என்று உறுதியில்லை. உயிரோடு இருப்பதோ யாரோ ஒருவருடைய தொண்டைக்குள் இருக்கிறது. தொட்டால் அந்த யாரோ ஒருவருக்குக் குமட்டுகிறது. ஆகவே மயக்கத்தில் இருக்கும்போது, ஊசி போன்ற ஒரு கம்பியின் நுனியால் நாணின் விளிம்பை மெல்ல உறிஞ்சிப் பிடித்து, மயிரிழை தூரம் பக்கவாட்டில் இழுத்து, எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று பார்க்கிறார்கள். வெட்டியெடுத்த துண்டைத் தனியாக இரண்டு சின்னத் தட்டுகளுக்கு நடுவில் வைத்து, உடம்புச் சூட்டில், ஈரம் காயாமல், இப்படியும் அப்படியும் லேசாகத் திருகிப் பார்க்கிறார்கள். அல்வாவைப் பரிசோதிக்கும் முறை என்று ஒன்று இருந்தால் இப்படித்தான் இருக்கும்.

"எத்தனை தடவை இழுப்பாய்?" என்று கேட்டேன்.

"பல தடவை, அங்கிள். முதல் சில இழுப்பைக் கணக்கில் எடுக்க மாட்டோம்."

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ரப்பரிலும் அதே விதிதான். முதல் இழுப்பில் எந்தப் பொருளும் உண்மையைச் சொல்வதில்லை. குடிநுழைவுத் துறையின் கவுண்டரும் அப்படித்தான். சிவப்பு அடையாள அட்டைக்காரனான நான், நிரந்தரவாசி ஆனாலும் குடிமகன் இல்லை என்ற நிலையில் இத்தனை காலம் இங்கே இருக்கிறேன். முதலில் சொல்லும் "இன்று முடியாது" என்பதை அங்கே நான் கணக்கில் எடுப்பதே இல்லை. நான்காவது தடவையிலிருந்துதான் அளவு நிலைப்படும்.

குரலையும் பதிவு செய்தார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து 'ஈ' என்று இழுக்க வேண்டும். பிறகு ஒரு பத்தி படிக்க வேண்டும். பத்தி மலாயில், ஆங்கிலத்தில், சீனத்தில் இருந்தது.

"தமிழில்?"

"தமிழ்ப் பத்தி இன்னும் சரிபார்க்கப்படவில்லை, அங்கிள்" என்றாள் மெய் லிங், உண்மையான வருத்தத்தோடு.

அக்காவோடு கத்திக் கெட்ட குரல் முழுக்க முழுக்கத் தமிழ்க் குரல். அதை வைத்துக்கொண்டு ஒரு மீனவன் தன் படகுக்கு வண்ணம் பூசியதைப் பற்றி மலாயில் படித்தேன். படகு நன்றாக வந்திருந்தது என்று நினைக்கிறேன்.

3

இப்போது கனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு மறுநாள் காலை, கூடப்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று பெண்கள் மஞ்சள் இலையில் சாதப் பிடி வைத்துக் காக்கைக்குப் போடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். அக்கா இதில் சொந்தமாக ஒரு விதி சேர்த்திருக்கிறாள். பிடி வைத்த பிறகு என் குரலைக் கேட்ட பின்புதான் சாப்பிடுவாள். நான் கப்பலேறிய வருஷத்தில் ஆரம்பித்தது. இடையில் அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டால் நேரத்தோடு சாப்பிட்டாக வேண்டும். டாக்டர் சொன்னார், நான் கத்தினேன், அவளைப் பார்த்துக்கொள்ளும் செல்வி காலில் விழாத குறை. விதி மாறவில்லை. எங்கள் குடும்பத்தில் விதிமுறைப் பைத்தியம் என்னோடு ஆரம்பித்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆகவே அறுவை சிகிச்சையை டிசம்பர் ஆரம்பத்தில் வைத்துக்கொண்டேன். அதன்பின் ஒரு வாரம் முழு மௌனம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு, பொங்கலுக்குள் தயார். குறையில்லாத திட்டம்.

அதில் ஒரு குறையை நானே உண்டாக்கினேன். ஆராய்ச்சிக்கான ஒப்புதல் படிவத்தை வழக்கப்படி வரிவரியாகப் படித்தேன். முதல் பக்கத்தில் மூன்றாம் பதிப்பு என்று இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டாம் பதிப்பு. கண்ணில் பட்டதைச் சும்மா விட்டால் நான் எதற்கு? சிவப்பு மையில் வட்டமிட்டு, மரியாதையாக ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். மெய் லிங் முகம் வெளிறிப்போய், நன்றி சொல்லி, படிவத்தை நெறிமுறைக் குழுவுக்குத் திருப்பி அனுப்பினாள். குழு கூடியது. ஒருவர் விடுப்பில் போனார். குழு மறுபடி கூடியது. திருத்திய படிவம் வந்து சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த தேதி பொங்கலுக்கு மூன்று நாள் முந்தியது.

"தள்ளிப்போட முடியாதா?" என்று கேட்டேன்.

சீனப் புத்தாண்டு முடியும்வரை இடமில்லை என்றார்கள். தடிப்பு என்னவென்று தெரியாமல் அவ்வளவு நாள் விடுவதும் சரியில்லை என்றார் டாக்டர்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கமலா சொன்னாள்: "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா, கனுவன்னிக்கு வாய் பேசிக்கிட்டு இருக்கலாம்."

4

அக்காவுக்குக் கடிதம் பயன்படாது, முகம் காட்டிப் பேசும் அழைப்பும் பயன்படாது. குரல் ஒன்றுதான் வழி. எனவே குரலைப் பதிவு செய்து வைப்பது என்று முடிவெடுத்தேன். கனுவன்று எங்கள் மகள் நித்யா வீட்டுக்கு வருவாள். போனை எடுத்து, "அப்பா பேசறாங்க" என்று சொல்லிப் பதிவைப் போட வேண்டியது. இருபது விநாடி போதும்.

முறைப்படி மூன்று தடவை பதிவு செய்தேன். ரப்பர்த் துண்டின் தடிமனை மூன்று இடத்தில் அளந்து நடு அளவை எடுப்பது போல, மிகச் சத்தமானதையும் மிகக் கம்மியானதையும் விட்டு நடுவில் இருந்ததை வைத்துக்கொண்டேன். "அக்கா! கனு வெச்சாச்சா? நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ வேளைக்குச் சாப்பிடு. ஞாயித்துக்கெழம கூப்பிடறேன்!"

நித்யா கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "அப்பா, இது எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன் அனவுன்ஸ்மென்ட் மாதிரி இருக்கு லா. அத்தை நடுவுல ஏதாச்சும் கேட்டா?"

அக்கா நடுவில் கேட்க மாட்டாள் என்றேன். எந்த ஆதாரத்தில் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மெய் லிங் ஒரு மடிக்கணினியோடு கட்டிலருகே வந்தாள். நான் பேசக் கூடாது; கையில் வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்திருந்தார்கள். திரையில் இரண்டு கோடுகள். இடது நாணின் கோடு சாய்வாக மெல்ல ஏறியது, வலதுடையது செங்குத்தாக ஏறியது.

"இடது ரொம்ப நல்லா இருக்கு, அங்கிள். உங்க வயசுக்கு இவ்வளவு இளக்கமா நான் பார்த்ததில்ல. வலதுல தடிப்பு இருந்த இடம் பல மடங்கு இறுக்கம். வெட்டினப்புறம் குறைஞ்சிருக்கு. ஆனா இப்ப அது புண். இப்ப நீங்க கத்தினா அந்த இடம் தழும்பாகும். தழும்பு தடிப்பைவிட மோசம் லா. அதை எடுக்க முடியாது."

பலகையில் எழுதினேன்: 'தடிமனை எத்தனை இடத்தில் அளந்தாய்?'

அவள் வாசித்துவிட்டு, நர்ஸைப் பார்த்து, "இவர் நல்லாத்தான் இருக்கார்" என்றாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் வந்து விதிகளைச் சொன்னார். ஒரு வாரம் ஒரு சொல்லும் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அதுவும் கெடுதல்தான். வீடு தீப்பிடித்தால் ஒழியப் பேசாதே. பேசித்தான் தீர வேண்டும் என்றால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுவது போல, மெதுவாக, ஒன்றிரண்டு சொல். வெட்டியெடுத்த காய்ப்பில் கெட்டது எதுவும் இல்லை என்றும் தகவல் வந்தது. வீட்டுக்கு வந்ததும் கமலா சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். பிறகு, "நிம்மதியா ஒரு வாரம்" என்று அவள் சொன்னது எந்த நிம்மதியைப் பற்றி என்று கேட்க எனக்கு வாயில்லை.

5

கனுவன்று போன் வந்தது. செல்விதான் எண்ணைப் போட்டு, ஒலிபெருக்கியில் அக்கா பக்கத்தில் வைப்பாள். நித்யாவும் இங்கே ஒலிபெருக்கியில் வைத்தாள். நானும் கமலாவும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம்.

"அத்தை, கனு வாழ்த்து! சாப்ட்டீங்களா?"

"யாரு, நித்யாவா? எங்கடி உங்கப்பன்?" அக்கா கத்தினாள். சமையலறைப் பாத்திரங்கள் அதிர்ந்திருக்கும்.

"அப்பா இப்பதான் பாசார் போ..." என்று ஆரம்பித்தவள், நான் மேசையைத் தட்டியதும் திட்டம் நினைவுக்கு வந்து, "இல்ல, இருக்காரு லா அத்தை, இதோ பேசறாரு" என்றாள்.

"அது என்னடி வார்த்தைக்கு வார்த்தை லா லான்னு பாட்டு?"

நித்யா பதிவைப் போட்டாள். "அக்கா! கனு வெச்சாச்சா?" என்றது என் பழைய குரல்.

"வெச்சாச்சுடா. உனக்கு ஏன் தொண்டை இப்படிக் கட்டியிருக்கு?"

"நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம்."

"அதக் கேக்கல. தொண்டைக்கு என்னன்னு கேக்கறேன்."

"நீ வேளைக்குச் சாப்பிடு."

"டேய், நான் பேசறது விழறதா இல்லையா?"

"ஞாயித்துக்கெழம கூப்பிடறேன்!"

பதிவு முடிந்தது. நித்யா பதற்றத்தில் அதையே மறுபடி தொட்டுவிட்டாள். "அக்கா! கனு வெச்சாச்சா?" என்று அதே உற்சாகத்தோடு நான் இன்னொரு தடவை விசாரித்தேன்.



"நித்யா." இப்போது அக்கா கத்தவில்லை. "என் தம்பி என்னைப் பேச விட்டதே கெடையாது. நான் ஒண்ணு சொன்னா அவன் ஒம்பது சொல்லுவான். இது டேப்பு. உங்கப்பன் இருக்கானா இல்லையா, அதச் சொல்லு."

"அய்யோ அத்தை, இருக்காரு!"

"இருந்தா குடு."

நித்யா என்னைப் பார்த்தாள். கமலா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. பிறகு போனுக்குக் குனிந்து, "அண்ணி, அவருக்குக் கொஞ்சம் சளி..." என்று தொடங்கினாள்.

குறுக்கே செல்வியின் குரல் வந்தது. "சின்னம்மா, பெரியம்மா ஊசியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரமாச்சு. இலையில போட்டது அப்படியே கெடக்குது. கை நடுங்குது அவங்களுக்கு, வேர்க்குது. சக்கரைத் தண்ணி குடுத்தா தட்டி வுடறாங்க. ஐயாவக் கொஞ்சம் பேசச் சொல்லுங்களேன்."

இத்தனை வருஷத்தில் ஒரு விதியையும் நான் மீறியதில்லை. வரிசையில் முந்தியதில்லை, காலாவதியான படிவத்தில் கையெழுத்திட்டதில்லை, முதல் இழுப்பைக் கணக்கில் சேர்த்ததில்லை. மெய் லிங்கின் செங்குத்தான கோடு கண்ணுக்கு முன்னால் நின்றது. வீடு தீப்பிடித்தால் ஒழிய என்று சொன்னார்கள். எந்த ஊரில் உள்ள வீடு என்று சொல்லவில்லை.

போனை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுவது போல.

"அக்கா. நான்தான். சாப்பிடு."

புதுக் குரல். கரகரப்பு இல்லை, சத்தமும் இல்லை. எனக்கே அது யாரென்று தெரியவில்லை.

அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்தார்கள். பிறகு அக்கா, நாற்பது வருஷமாக என்னோடு கத்திக்கொண்டே இருந்தவள், வீட்டுக்குள் பேசும் குரலில், மெதுவாகக் கேட்டாள்:

"எப்போடா வந்தே?"

நான் கத்தாமல் பேசினால் வீட்டுக்குள்தான் நிற்கிறேன் என்று அவள் காது முடிவு செய்துகொண்டது.

"செருப்புச் சத்தங்கூடக் கேக்கலையே. செல்வி, இவன் வந்தத ஏன் சொல்லல நீ? நிக்கறியே, இன்னொரு இலை போடு."

நித்யா என் கையைப் பிடித்து, சொல்லுங்கப்பா என்று உதட்டை மட்டும் அசைத்தாள். நான் வரவில்லை, இங்கேயேதான் இருக்கிறேன், தொண்டையில் கத்தி வைத்ததால் இப்படிக் கேட்கிறது என்று விளக்க இன்னும் இரண்டு மூன்று வாக்கியம் வேண்டும். டாக்டர் அதற்கு அனுமதி கொடுக்கவில்லை. ஒன்றிரண்டு சொல் என்றுதான் விதி, அவை தீர்ந்துவிட்டன. இந்த நாட்டின் விதிமுறை எதுவும் எனக்கு இவ்வளவு உதவியாக இருந்ததில்லை. இரண்டாவது விஷயம் இது.

செல்வி நல்ல பெண். ஒன்றும் சொல்லவில்லை. இலை விரிக்கும் சத்தமும், தண்ணீர் தெளிக்கும் சத்தமும் கேட்டன. அக்கா சாப்பிட ஆரம்பித்தாள். போன் அவள் பக்கத்தில்தான் எங்கோ கிடந்தது.

"எலுமிச்சம்பழ சாதத்த ஒதுக்கு, உனக்கு ஆகாது" என்றாள் எனக்காக விரித்த இலையை நினைத்து. "தேங்காய் சாதம் போட்டுக்கோ. என்ன பேச்சே காணோம்? சரி, சாப்பிட்டுட்டுப் பேசு."

நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.